நாற்பத்தேழாம் இதழ்

பழைய பேப்பர் எடுக்கும் நாள்
மாதத்தின் முதல் புதன்.
சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி
வாசலோரம் வைத்துவிடுவார்கள் புர்க்டோர்ஃப்காரர்,
சீர்வரிசை அனுப்புவதுபோல அத்தனை ஒழுங்கு.
லொறி ஏழு மணிக்கு வரும்.
நான் ஐந்தரைக்கு.

முதல் கட்டை ஏன் தூக்கினேன்?
மேலிருந்த அட்டையில் ஒரு சிவப்பு ஹூர்லிமான்
மழையில் நின்றது.
மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய்.
அதைத் துடைக்காமல் யாரோ படமெடுத்திருந்தார்.
அந்தத் துடைக்காமைக்காகத்தான்
முதியோர் இல்லச் சமையலறைக்கு
ஆறு நிமிடம் பிந்திப் போனேன்.

எனக்கு உழத் தெரியாது.
ஓட்டத் தெரியாது.
இறக்கத்தில் சைக்கிளே பயம்.
டிராக்டர் வாங்க ஆசையா என்றார் தயாபரன்.
இல்லை.
பிறகு?
பிறகென்று ஒன்றும் இல்லை இதில்.
அவர் கிரிக்கெட் பார்க்கிறாரே,
மட்டையா வாங்கினார்?

மொழி வகுப்பில் ரொட்டி வாங்கவும்
வருத்தம் தெரிவிக்கவும் சொல்லித் தந்தார்கள்.
மிச்ச ஜெர்மன் இந்தப் பக்கங்களிலிருந்து.
பல் வைத்தியரிடம் சொன்னேன்:
பின்பக்கம் இணைப்புத் தளர்ந்திருக்கிறது,
சூடானால் தட்டுகிறது.
அவருக்குச் சரியாகவே விளங்கியது.

எல்லாவற்றிலும் ருசி, கடைசிப் பக்கத்துச் சிறு விளம்பரங்கள்.
‘விற்பனைக்கு: பின்சக்கரம் ஒன்று. மற்றது மாமனாரிடம்.’
‘தேடுகிறேன்: பூரர் இருக்கை.
வேறு இருக்கை உள்ளவர்கள் எழுத வேண்டாம்.’
அந்த மனிதருக்கு எத்தனை வேறு இருக்கைகள்
வந்திருக்குமோ என்று
உருளைக்கிழங்கு உரித்தபடி யோசித்திருக்கிறேன்.

அடுக்கி வைத்திருப்பது நிலவறையில்.
அணுகுண்டுக்கென்று கட்டிய அறை,
ஒரு முழக் கனத்தில் கதவு.
பங்கர் என்ற சொல்லுக்கு
முன்பு எனக்கு வேறு பொருள் இருந்தது.
இப்போது நூற்றுப் பதினெட்டு இதழ்கள்,
ஒரு பழைய ஸ்கீ,
ஆரணியின் தொட்டில் கால்கள்.

இல்லாதது நாற்பத்தேழு.
நாற்பத்தாறில் ஒருவன்
கியர்ப்பெட்டியைக் கழற்றி
சமையல் மேசை முழுக்கப் பரப்பிவிட்டு
‘தொடரும்’ என்று போட்டுவிட்டான்.
நாற்பத்தெட்டில் அதே வண்டி
கழுத்தில் பூமாலையோடு
திருவிழாவில் தேர்போல அசைந்து போகிறது.
நடுவில் என்ன நடந்தது?
நூற்றுப் பதின்மூன்று பல்சக்கரம், வளையம், திருகாணி.
நான் எண்ணினேன், படத்தில்.

இரண்டு வருடம் பொறுத்து நானும் எழுதிப் போட்டேன்:
‘தேடுகிறேன்: இதழ் 47. காப்பிக்கறை பரவாயில்லை.’
ஒரு வரிக்கு நாலு பிராங்க்.
குலமங்கை என்ற பெயரில்
ஓரெழுத்தை விழுங்கிவிட்டார்கள்.
ஆனாலும் அச்சில்,
ஒரு கலப்பைக்கும் ஒரு புகைக்குழாய்க்கும் இடையில்,
நான்.

பதில் போட்டவர் ஊர்ஸ் லூகின்பூல்.
அவரிடம் முப்பத்தொன்று இல்லை.
என்னிடம் இரண்டு.
லாங்னாவ் நிலையம், இரண்டாம் மேடை,
திரும்பும் ரயிலுக்கு ஏழு நிமிடம்.
ரொட்டிப் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.
முப்பத்தொன்றா?
முப்பத்தொன்று.
அட்டையைத் திருப்பினார், முதுகுத் தையலைத் தடவினார்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
பிறகு இருவருக்கும் பேச ஒன்றுமில்லை.
ஐந்து நிமிடம் அருகருகே நின்று
தண்டவாளத்தைப் பார்த்தோம்.
நன்றாகத்தான் இருந்தது.

சோல்புரூக் வருமுன் பக்கம் இருபத்திரண்டு.
‘ஞாயிறு விருந்தினர் வந்தார்கள்.
மேசை தேவைப்பட்டது.
பாகங்களை எல்லாம் அள்ளிக்
குழந்தை குளிக்கும் தொட்டியில் போட்டேன்.
தொடரும்.’

அவ்வளவுதான்.
எதிர் இருக்கைப் பெண்
நான் அழுகிறேன் என்று நினைத்து
கைக்குட்டை நீட்டினாள்.
சிரிப்பென்று விளக்க
என் டிராக்டர் ஜெர்மனில் சொல் இல்லை.
வாங்கிக்கொண்டேன்.

இரவு நிலவறையில்
நாற்பத்தாறை ஒதுக்கிச் சொருகினேன்.
அந்தத் தட்டிலிருந்த எல்லாரும்
கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியிருந்தது,
கடைசி பஸ்ஸில்போல,
முணுமுணுப்போடு.